ஆறு புள்ளி ஒன்பது

மங்காஃப், மூன்றாவது தெரு கிளினிக்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
ஷைனி சிஸ்டர் நீட்டிய தாளில்
மொத்தம்: ஆறு புள்ளி ஒன்பது.

படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.
"ஆறுதானே? எங்க பெரியப்பாவுக்கு இருநூத்தி நாப்பது."
கூடவே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.
அந்த நிம்மதியில்
இரண்டு சமோசா, ஒரு கரக் டீ.

மாலையில்தான் டாக்டர் ஹிஷாம்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
இங்கே அளவு வேறாம்.
முப்பத்தெட்டு புள்ளி ஆறு ஏழால் பெருக்கினால்
இருநூற்று அறுபத்தேழு.
தினாரை ரூபாயாக்கியே பழகியவன் நான்,
பெருக்கிப் பார்த்து
வயிறு கலங்கியது அன்றுதான்.

அவர் ஒரு குழாய் வரைந்தார்.
"அதை விடுங்க டாக்டர், அது என் தொழில்."
பதினோரு வருடமாக
கச்சா எண்ணெய்க் குழாய்க்குள்
மெழுகு சுரண்டும் உருளையை அனுப்புகிறவன்.
மறுமுனையில் கறுப்புச் சேறோடு வந்து விழும்.
கழுவி வைத்தால் ஷிப்ட் முடிந்தது.

அவர் பேனா
குழாயின் சுவரையே தடவித் தடவிக் கறுப்பாக்கியது.
"இது மேலே படிவதில்லை, நண்பா.
சுவருக்குள் நுழைகிறது."

என் உருளைக்கு அங்கே வேலையில்லை.

எல்டிஎல் நான்கு புள்ளி எட்டு:
கொண்டுவந்து கொட்டும் லாரிகள்.
எச்டிஎல் பூஜ்யம் புள்ளி ஒன்பது:
திரும்ப அள்ளிப் போக வண்டி போதவில்லை.
ட்ரைகிளிசரைடு இரண்டு புள்ளி ஆறு:
ஒவ்வொரு வியாழன் இரவுக்கும்
ஒரு ரசீது.

"மூன்று மாதம். அப்புறம் மாத்திரையைப் பேசுவோம்."

மெஸ்ஸில் அந்தோணிப்பிச்சை கரண்டியை ஓங்கினான்.
பதினாறு பேருக்கு ஒரே சட்டி,
உனக்கு மட்டும் தனி எண்ணெயா?
ஒரு வாரம் பேச்சில்லை.
காலையில் ஓட்ஸை நானே கிண்டிக்கொண்டேன்,
சுவர் பூசும் கலவை மாதிரி.
எட்டாம் நாள் இரவு அடுப்படியில்
மூடிவைத்த கிண்ணம்:
வெந்த தட்டப்பயறு, வெங்காயம், எலுமிச்சை,
ஒட்டாத கொஞ்சம் வெண்டைக்காய்.
மூடியில் என் பெயர் இல்லை.
"சீக்காளி" என்று எழுதியிருந்தது.

நடக்கச் சொன்னார். ஜூலை.
இரவு பத்துக்கும் நாற்பது டிகிரி,
கடலோரக் காற்று
இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம்.
ஏசிக்காக ஹைப்பர்மார்க்கெட்டுக்குள் போனேன்.
சும்மா சுற்றினால் சந்தேகப்படுவார்களே என்று
ஒரு காலி ட்ராலி.
அரிசி வரிசை, சோப்பு, குழந்தை டயாபர்,
உறைந்த கோழி (அங்கே மட்டும் மெதுவாக),
திரும்ப அரிசி.
ஒரு சுற்று நானூற்றுப் பத்து எட்டு.
பரோட்டா பாக்கெட்டுகளைக் கடக்கும்போது
ட்ராலியின் ஒற்றைச் சக்கரம்
எப்போதும் அந்தப் பக்கமே இழுத்தது.

ஒன்பதாம் நாள் செக்யூரிட்டி தீபேந்திரா வழி மறித்தான்.
என்ன வாங்குகிறாய் தினமும்?
"ஒன்றும் வாங்காமலிருக்க வருகிறேன்."
புரிந்ததோ என்னவோ.
மறுநாளிலிருந்து விரல்களில்
என் சுற்றுகளை எண்ணிக் காட்டினான்.

அக்டோபர்.
மொத்தம் ஐந்து புள்ளி ஏழு.
எல்டிஎல் மூன்று புள்ளி ஒன்பது.
எச்டிஎல் ஒன்று, இம்மி ஏற்றம்.
மண்டியை நினைத்துத் தூங்காத இரவுகளுக்கு
இவ்வளவுதானா என்றிருந்தது.
"நல்ல இறக்கம், ஆனால் போதாது.
உன் அப்பா ஐம்பதில் போனார் என்றாயே,
அதை ஓட்ஸ் மாற்றாது."
சின்ன மாத்திரை எழுதினார்.
நடையை நிறுத்தாதே என்று அடியில் கோடிட்டார்.

அன்றிரவு ஆறாவது சுற்றில்
பருப்பு வரிசை அருகே தீபேந்திரா நின்றான்.
தொப்பியைக் கழற்றி
உள்ளிருந்து
எட்டாக மடித்த தாளொன்றை எடுத்தான்.
விசா மெடிக்கலோடு எடுத்ததாம், போன மாதம்.
"ஏழுதான். ஏழு சின்னதுதானே, பாய்?"

ட்ராலியை நிறுத்தினேன்.
கால்குலேட்டரைத் திறக்கும் முன்
அவன் முகத்தைப் பார்த்தேன்.
"முதலில் ஒன்று சொல்.
டூட்டி எத்தனை மணிக்கு முடியும்?"