பூஜ்ய மணி

மருந்து ஏற்றுமுன் எடுக்கிற ரத்தத்துக்கு
எங்கள் குறிப்பேட்டில் பூஜ்ய மணி என்று பெயர்.
அதில் எதுவும் இருக்கக் கூடாது.
எதுவும் இல்லை என்று காட்டத்தான்
ஆறு ஆடுகளின் கழுத்திலும்
விடியற்காலை ஆறு மணிக்கு ஊசி இறக்கினோம்.
அடைக்கலம் தலையைப் பிடித்துக்கொண்டார்.
மயிர் மழித்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தி
நரம்பு புடைக்கக் காத்திருந்தேன்.

பிறகு மருந்து.
பிறகு ஐந்து நிமிடம், கால் மணி, அரை மணி,
ஒன்று, இரண்டு, நான்கு,
இருபத்துநான்கு வரை.
நள்ளிரவுக்கு மேல் எழுதிய குழாய்களில்
என் கையெழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஒரத்தநாட்டில் அந்த வாரம்
கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது.
மின்சாரம்தான் முறை வைத்து வந்தது.
யூ.பி.எஸ் முனக முனக
மூன்றாம் நாள் பிளாஸ்மாவை எடுத்து வைத்தேன்.
வைக்கோல் நிறம், கொஞ்சம் கலங்கல்.
அசிட்டோநைட்ரைல் விட்டதும்
புரதம் திரிந்த பாலாய் அடியில் இறங்கியது.
மேலே தெளிந்ததில் இருபது மைக்ரோலிட்டர்
இயந்திரத்துக்கு.

ஒரு சாண் நீள எஃகுக் குழாய் அது.
எல்லாம் ஒன்றாகத்தான் உள்ளே நுழையும்.
உள்ளே எதனோடு எவ்வளவு ஒட்டிக்கொள்கிறதோ
அவ்வளவு தாமதம்.
என்ரோஃப்ளாக்சசின்
ஆறு நிமிடம் பத்து விநாடிக்கு வெளியே வரும்.
நான்கு மாதமாக அதே நேரம்,
பட்டுக்கோட்டை பஸ் வெட்கப்பட வேண்டும்.

நான்காம் ஆட்டின் பூஜ்ய மணி.
நாலே முக்காலில் ஒரு சின்ன மேடு.
ஆறு பத்தில் இன்னொன்று, வரப்பு உயரம்.

ஊசியைக் கழுவினேன்.
வெறும் கரைசலை ஓட்டினேன், கோடு படுத்தே கிடந்தது.
மிச்ச பிளாஸ்மாவை முதலிலிருந்து பிரித்தேன்.
அதே இரண்டு மேடு.

முதல் மேடு சிப்ரோஃப்ளாக்சசின்,
மருந்தை ஈரல் மாற்றி எழுதிய எழுத்து.
என் பிப்பெட் சிந்தியிருந்தால் அது வராது.
இந்த மருந்து
ஓர் உடம்புக்குள் போய்த் திரும்பியிருக்கிறது.

வழக்கமான அளவு என்று வைத்துக்கொண்டு
வளைவைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன்.
முந்தின இரவு பத்து மணி வாக்கில்.
பத்து மணிக்குக் கொட்டகையில் படுத்திருப்பவர் யார் என்று
கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டியதில்லை.

அடைக்கலம் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.
இல்லை என்று சொல்லவில்லை.
“ஆறையும் ஒரே மாதிரி பாக்கணும்னு சொன்னீங்க மேடம்.
ஒண்ணு மட்டும் இருமுச்சு.”

பஸ் நிலையத்து மருந்துக்கடை, சொந்தக் காசு.
நான் குப்பியில் எழுதி வைத்த பெயரைப் பார்த்து
அதையே கேட்டு வாங்கியிருக்கிறார்.
நல்ல மருந்து என்பதால்தானே
இத்தனை நாள் இதை வைத்துப் படிக்கிறோம் என்றார்.

கணக்கு கெட்டுப்போச்சா?
கெட்டுப்போச்சு. நாலாம் நம்பர் குழாய் எல்லாம் வீண்.
தலையைச் சொறிந்தார்.
வருத்தம்தான், ஆனால்
ஊசி போட்டதற்காக என்று தோன்றவில்லை.

எத்தனை சிசி?
“ரெண்டு.”
ஒன்று போதும் பதினெட்டு கிலோவுக்கு.
இரண்டு என்றால் பத்து மணி தப்பு.
எண்ணை மாற்றிப் போட்டேன், ஏழு மணி வந்தது.
“ஆமா, விளக்கு போடற நேரம்.”
அவர் ஆச்சரியப்படவில்லை.
எனக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.

அட்டவணையில் இனி ஐந்து விலங்குகள்.
அடிக்குறிப்பில், காரணம் என்ற இடத்தில்,
நெறிமுறை மீறல் என்று எழுதி அடித்துவிட்டு
முன்பே சிகிச்சை பெற்றது என்று எழுதினேன்.
வழிகாட்டி அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார்.
அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

நான்கு அப்புறம் இருமவில்லை.
வெள்ளிக்கிழமை ராத்திரி ஐந்து இருமியது.
பதினொரு மணிக்குப் போன் அடித்தது.
அடைக்கலம்.
“மேடம், நான் ஒண்ணும் போடல. நீங்க வாங்க.”