இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது

இதில் பூட்டு கிடையாது.
வெடிக்கும் நேரத்தில் கதவைப் பிடித்து நிற்பது
ஓர் இரும்புக்கட்டியின் சோம்பல்,
அதன் முதுகில் ஒரு சுருள்வில், அவ்வளவுதான்.
குண்டு குழலைத் தாண்டும்வரை
கட்டி நகரத் தயங்கவேண்டும்.
அந்தத் தயக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

திருவாரூர் ஆயுதப்படை, கிடங்குப் பொறுப்பு,
தலைமைக் காவலர் செங்கமலம்.
ஒன்பது மில்லிமீட்டர் கார்பைன் நாற்பத்திரண்டு.
ஓர் இழுப்புக்கு ஒரு வெடி,
அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

இருபத்தேழாம் எண்ணின் வில்லை
மேசையில் புதுசுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.
ஒன்றரை விரல் குட்டை.
பின்கட்டையில் இருந்த ரப்பர்
வெயிலில் கிடந்த பனங்கொட்டைபோல் விண்டிருந்தது.
கட்டி வந்து மோதும் இடத்தில்
இரும்பே உதடு பிதுங்கியிருந்தது.

சென்னைக்கு மூன்று கடிதம்.
மூன்றுக்கும் ஒரே பதில்: இருப்பு இல்லை.
ஆய்வாளர் கேட்டார், "சுடுதில்ல?"
"சுடுது சார்."
"அப்புறம் என்ன?"
புதுசு ஒன்றுதான் இருந்தது; அது மாதிரிக்கு, தொடக்கூடாது.
பழையதையே மாட்டி அனுப்பினேன்.
அதை நான்தான் அனுப்பினேன்.

புரட்டாசிக் கடைசி. ஓடம்போக்கிக்கு வடக்கே மண்மேடு.
வலப்பக்கம் ஒரு வரப்பு,
வரப்புக்கு அந்தண்டை சம்பா நடவு.
முதல் வெடிக்குக் கொக்குகள் எழுந்தன.
பத்தாவதுக்கு ஒன்றுகூட எழவில்லை.

வில் நன்றாக இருந்தால் வெற்றுக்கூடு
ஆறடியில், விரித்த தார்ப்பாயில் விழும்.
தாஜுதீன் கையில் இருபத்தேழு.
அவன் கூடுகள் தார்ப்பாயைப் பார்க்கவே இல்லை,
வெயிலில் மின்னிக்கொண்டு வரப்புவரை போயின.
நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் பங்கு முடிந்திருந்தது.

கொடுத்தது முந்நூறு. சுட்டது முந்நூறு.
பொறுக்கியது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கூடு குறைந்தால் குண்டு குறைந்ததாகத்தான் கணக்கு.
உலோகம் கண்டுபிடிக்கும் கருவி
அமைச்சர் வருகைக்கு நாகப்பட்டினம் போயிருந்தது.

பதினெட்டுப் பேர் காலுறை கழற்றி
காக்கியை முட்டிவரை சுருட்டி
சேற்றில் இறங்கினோம்.
நடவு ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
"என்னத்தத் தொலைச்சீங்க?"
"பித்தளை. சுண்டுவிரல் நுனி அளவு."
"தங்கமா இருந்தாக்கூட இப்பிடி யாரும் தேடமாட்டாங்க."
சிரிப்பு வரப்பு வரப்பாய்ப் போனது.

மணி நாலு. மேற்கே கருத்தது.
யார் பெயருக்கு மெமோ என்று
எல்லாரும் என்னைப் பார்க்காமல் தேடினார்கள்.

கண்டுபிடித்தது ஒரு குதிகால்.
அமிர்தவல்லி என்று பெயராம்.
கால்விரலால் கிள்ளித் தூக்கி,
கலங்கல் நீரில் அலசி,
என்னிடம் தருமுன் உதட்டில் வைத்து ஊதினாள்.

வீல் என்று ஒரு சத்தம்.
முந்நூறு வெடிக்குத் திரும்பாத கொக்குகள்
அதற்கு எழுந்தன.

"வச்சுக்கிடவா?"
"கணக்கு உண்டும்மா."
"அப்ப இதுக்கு?" என்று காட்டினாள்.
நாங்கள் மிதித்த நாற்று, நாலு முடி தேறும்.

தாஜுதீன்தான் முதலில் குனிந்தான்.
தோளில் கட்டை இடித்த சிவப்பு;
வலக்கையைத் தூக்க முடியாமல் இடக்கையால் நட்டான்.
பிறகு நான். பிறகு ஒவ்வொருவராக.
எங்கள் வரிசை பாம்பு போன வழியாய் நெளிந்தது.
"பரவால்ல, நெல்லுக்குக் கண்ணு கெடையாது" என்றாள்.

இரவு கிடங்கில் இருபத்தேழைப் பிரித்தேன்.
நகத்தில் சேறு.
வில்லை அழுத்தி விட்டேன்; திரும்பி வந்தது,
அதனால் ஆன மட்டும்.
பதிவேட்டில் எழுதினேன்:
தளர்ந்தது, உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது.
நாற்பத்தொன்று.

காலையில் ஆய்வாளர் அந்த வரியில் விரல் வைத்தார்.
"ஏன், சுடலையா?"
"சுடுது சார்."
"அப்புறம் என்ன?"
"அப்புறம் நடணும் சார்" என்றேன்.