இருபது வரை எண்ணு

வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள்.
மஞ்சள் பையில் கட்டி
லிஃப்ட்டில் கீழே கொண்டுபோனதாக
வார்டு பாய் சொன்னான்.
நூற்று முப்பத்தெட்டு கிலோ ஆளுக்கு
அவ்வளவு சின்னப் பை.
பசியும் அதோடு போய்விடும் என்றுதான்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.

முதல் மாதம் வரவில்லை.
வாடகை பாக்கி வைத்து ஓடிப்போனவன் மாதிரி
சத்தமே இல்லை.
இரண்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை,
சாயங்காலம் ஐந்தரைக்கு,
ஈவ்னிங் பஜாரில் காகிதக் கடையின் ஷட்டரை இழுக்கும்போது
தோளைத் தட்டிற்று.

வயிற்றில் இல்லை.
தாடையில் இருந்தது, உள்ளங்கையில் இருந்தது,
கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகும்
விரல்கள் எதையோ பிசைந்துகொண்டிருந்தன.
அது தலைப்பசி என்றார் டாக்டரம்மா.
தண்ணீர் குடியுங்கள். அரை மணி பொறுங்கள். நடங்கள்.
நடந்தேன்.
இந்தப் பக்கம் நடந்தால்
பீச் ஸ்டேஷன் எதிரே
கோட்டைச்சாமியின் அத்தோ வண்டிதான் வரும்.

பதினேழு வருஷம்
இரண்டு தட்டு, நாலு முட்டை,
பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கி
பூண்டெண்ணெய் சொட்டச் சொட்ட.
என்னைக் கண்டதும் அவர் கை
தானாகத் தட்டுக்குப் போய்
பாதியில் நின்றது.
"என்ன கணக்கரே, பாதி ஆளைக் காணோம்?"
சூப் மட்டும், ஒரு கரண்டி என்றேன்.
வாழைத்தண்டு ஒரு துண்டுகூட விழாமல்
வடித்து ஊற்றினார். காசு வாங்கவில்லை.
பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்று
நாலு வாய் உறிஞ்சினேன்.
ஐந்தாவது
நெஞ்சுக்குழியில் வந்து நின்றுவிட்டது,
கொருக்குப்பேட்டை கேட்டில் லாரி நிற்குமே,
அப்படி.

வயிறு நிரம்பிவிட்டது.
பசி தீரவில்லை.
இந்த இரண்டையும் ஒரே உடம்பு
ஒரே நேரத்தில் சொல்லி
இதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஷேர் ஆட்டோவில் முன்பெல்லாம்
என்னை ரெண்டு டிக்கெட்டாக எண்ணுவான்.
வாதாடியதில்லை. எடுத்து வைத்த காசாகவே கொடுப்பேன்.
இன்றைக்கும் அதையே நீட்டினேன்.
யாருக்கண்ணா இன்னொண்ணு என்று
பாதியைத் திருப்பித் தந்தான்.
பக்கத்தில் யாரோ வறுத்த மீன் பொட்டலம் வைத்திருந்தார்கள்.
கல்மண்டபம் வரை
மூச்சை வாயால் விட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பிலோமி
இருமல் மருந்து மூடியில் ரசம் அளக்கிறாள்.
மகளுக்குச் சோறூட்டிய எவர்சில்வர் ஸ்பூனைப்
பரணிலிருந்து இறக்கி
புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள்.
வெனிலா என்று டப்பாவில் எழுதிய மாவைக்
கட்டியில்லாமல் கரைத்துத் தருகிறாள்.
போஸ்டர் ஒட்டுகிற பசை. குடிக்கிறேன்.
அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று மட்டும்
மூன்று மாதமாகத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி தெரிந்தது.
விளக்குப் போடாத அடுக்களையில்
நின்றபடி,
அப்பளத்தைச் சோற்றுத் தண்ணீரில் ஊறவைத்துத்
தின்றுகொண்டிருந்தாள்.
கடித்தால் சத்தம் வரக்கூடாதாம்.

விளக்கைப் போடு, பிலோமி.
வந்து இங்கே உட்கார்.
புதுசாக நாலு பொரி.
நொறுக்கித் தின்னு, எனக்குக் கேட்கணும்.
"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."
இருக்கும்.

இருந்தது.
அவள் முதல் அப்பளத்தை உடைத்தபோது
காதிலேயே எச்சில் ஊறிற்று.
நான் அந்தச் சின்ன ஸ்பூனில்
ஒரு வாய் தயிர்சாதம் எடுத்து
ஒன்று, இரண்டு என்று மென்றேன்.
பதினாலில் இருக்கும்போது
நெத்திலிக் குழம்பில் உப்பு கம்மி என்றாள்,
யாரைக் கேட்பது இனிமேல் என்றாள்,
ஒரு சொட்டு என் நாக்கில் வைத்தாள்.

ஆமாம், கம்மிதான்.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
மறுபடியும்
ஒன்று.