பன்னிரண்டு மில்லிமீட்டர்

முன்கையில் ஊசி போட்ட மூன்றாம் நாள்
தடித்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தாள்
கிளினிக் பெண்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
"வீட்டில் யாருக்காவது காசநோய்?"
இல்லை என்று சட்டைக் கையைச் சுருட்டி
தருமபுரி அரசு ஆஸ்பத்திரி
நான் பிறந்த வாரம் தோளில் வைத்த
முத்திரையைக் காட்டினேன்.
டி மொய்னில் பிறந்தவர்கள் தோளில்
அப்படி ஒன்று இருப்பதில்லை.
பரிவோடு தொட்டுப் பார்த்துவிட்டு
எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் என்றாள்.
விண்ணப்பத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

நாற்பத்திரண்டு வயது.
காப்பீட்டுக் கம்பெனியின் மென்பொருளில்
பதினான்கு வருடம் பிழை தேடினேன்.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
அதையும் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பதினைந்து மாதத்தில் நர்ஸ் ஆகலாமாம்,
ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால்.
எந்தப் பட்டமானாலும் சரியாம்.
சேலத்தில் வாங்கிய மெக்கானிக்கல் என்ஜினீயரிங்
முதன்முறையாக உபயோகப்படுகிறது.

அதற்கு முன்னால் உடற்கூறியல்,
நுண்ணுயிரியல், புள்ளியியல்,
செவ்வாயும் வியாழனும் இரவு ஒன்பதரை வரை.
என் மேசைக்கூட்டாளி கெய்லிக்குப் பத்தொன்பது வயது,
அப்பாவுக்குப் பன்றிப் பண்ணை.
தட்டில் வைத்த இதயத்தை
பூசணிக்காய் மாதிரி பிளந்து
வால்வுக்குள் சுண்டுவிரலை விட்டு
"இங்கே பாருங்கள்" என்கிறாள்.
முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவன்
பார்க்கிறேன்.
"எங்கள் பண்ணையிலிருந்துகூட வந்திருக்கலாம்."
அவள் சிரித்த பிறகுதான்
எனக்கு மூச்சு வந்தது.

இரவில் தமயந்தி அட்டையைத் தூக்கிக் காட்டுவாள்.
ஸ்ப்ளீன் என்று எழுதியிருக்கும்.
மண்ணீரல் என்கும் வாய்.
ஒன்பதாம் வகுப்பு விலங்கியல்
இத்தனை நாள் எங்கே படுத்திருந்ததோ.
லிவர், கல்லீரல்.
லங்ஸ், நுரையீரல்.
கல், மண், நுரை:
உள்ளே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது,
யாரோ கரையில் நின்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
"இங்கிலீஷில் சொல்லுங்க,
இதுக்கு மார்க் இல்ல."

ஏன் செவிலியராக விரும்புகிறீர்கள்,
ஐந்நூறு சொற்களில்.
சேவை என்று தொடங்கி அழித்தேன்.
வீட்டுக்கடன் என்று தொடங்கவே இல்லை.

நிலவனுக்கு நான்கு வயதில்
இழுப்பு வந்து மூன்று நாள் படுத்திருந்தான்.
விடியற்காலை அவனை வேறு அறைக்கு மாற்றினார்கள்.
மருந்து தொங்கும் கம்பத்தில்
ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
ட்வெய்ன் என்று பெயர் குத்தியிருந்த அந்த ஆள்
இரண்டடி உருட்டினான், நின்றான்,
பிறகு கம்பத்தையே தூக்கிக்கொண்டு
கூடம் முழுக்க நடந்தான்.
பிள்ளை புரளக்கூட இல்லை.
புகார் எழுதாமல், எண் கொடுக்காமல்
ஒருவர் சரிசெய்து நான் பார்த்த பிழை
அது ஒன்றுதான்.

எழுதிப் பார்த்தால் நாற்பது சொல் தேறுகிறது.
மீதி நானூற்று அறுபதுக்கு என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது.
வெறும் மார்பைச் சில்லென்ற பலகையில் சாய்த்து
மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன்.
திரையில் என் நுரை இரண்டும்
கறுப்பாக, சுத்தமாக.
நோயைத் தேட வேண்டிய கண்
விலாவை எண்ணத் தொடங்கிவிட்டது.
முதல் ஏழும் நெஞ்செலும்பைத் தாமே பிடித்தவை.
அடுத்த மூன்றும்
மேலே இருப்பதைப் பிடித்துத் தொங்குபவை.

"ஏதாவது சந்தேகமா?" என்றான் படமெடுத்தவன்.

பதினொன்று. பன்னிரண்டு.
முன்னால் எதையும் பிடிக்காமல் மிதப்பவை.

"இல்லை," என்றேன்,
"திங்கட்கிழமை பரீட்சை."