பத்தைத் தொடாமல்

கிளைபேடா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில்
எனக்குப் பதினேழு வருடம்.
பத்து விரிப்பு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு வண்டி.
என் விரல்கள் கணக்கில் பொய் சொன்னதில்லை.

ஆனாலும் ஏப்ரலிலிருந்து மாதாமாதம் தாள் வருகிறது:
“விரிப்புகள் குறைவு.” சம்பளத்தில் பிடித்தம்.
நீராவிக்குள் ஒருவர் பையை ஒருவர் பார்க்கிறோம்.
ரசுவோலே என்னோடு பேச்சை நிறுத்தி
இது ஆறாவது வாரம்.

புதன் இரவுகளில் நூலக மேல்மாடி. இலவச வகுப்பு.
ஹீட்டர் இருக்கிறது என்பதற்காகத்தான் முதலில் போனேன்.
பாம்பின் பெயர் வைத்த மொழி.
பாம்பின் கால் பாம்பறியும்;
வரியை நாலு இடம் உள்ளே தள்ளினால்தான் இது ஊரும் என்று
எனக்குத் தெரிய இரண்டு புதன் ஆனது.

சமக்குறி இங்கே சமமில்லை.
இடப்பக்கம் கூடை, வலப்பக்கம் அதில் போடும் துணி.
கூடை = கூடை + 1
என்று எட்டாம் வகுப்பில் எழுதியிருந்தால்
கணக்கு டீச்சர் என்னை வராந்தாவில் நிறுத்தியிருப்பார்.
இங்கே அது ஒரு விரிப்பு கூடிவிட்டது என்று அர்த்தம்.
அன்று வீட்டுக்குப் போகும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூடைகளுக்கு எங்கள் பெயர்களையே வைத்தேன்.
கியெத்ரே, அது நான். பிறகு வைலா. பிறகு ரசுவோலே.
ஓடவிட்டால், சிவப்பில்:
ரசுவோலே என்று யாரையும் எனக்குத் தெரியாது.

பார்த்தாயா, உனக்குமா என்றேன் திரையிடம்.

எங்கள் எழுத்தில் ஒன்றுக்குத் தலையில் புள்ளி உண்டு.
அவள் பெயர் அந்த எழுத்தில்தான் முடிகிறது.
புள்ளி இருந்தால் அது பெயர்.
இல்லாவிட்டால் அவளைக் கூப்பிடுவது.
மேலே புள்ளி வைத்தவள் கீழே விட்டிருக்கிறேன்.
பெயரைக் கேட்டால் தரும், கூப்பிட்டால் விழிக்கும் இயந்திரம்.

இன்னொரு புதன், ஏழாம் வரியில் பிழை என்றது.
ஏழை நாலு முறை அழித்து எழுதினேன்.
ஆறாம் வரியில் ஒரு அடைப்புக்குறி
வாயை மூடாமல் கிடந்தது.
வலிக்கிற இடத்தைக் காட்டுகிறது,
முள் ஏறிய இடம் அதற்குத் தெரியாது.
(என் முன்னாள் கணவனும் அப்படித்தான்.)

பிறகு அது நடந்தது.
ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னேன்.
ஒன்பதில் நின்றது.
மறுபடி சொன்னேன். மறுபடி ஒன்பது.
சொல்லித்தரும் பையன் தொமாந்தாஸ் கொட்டாவியோடு சொன்னான்:
“கடைசி எண் அதற்கு வேலி. தொடாது, திரும்பிவிடும்.
பத்து வேண்டுமென்றால் பதினொன்று என்று சொல்லணும்.”

கடைசி.

கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றுவிட்டேன்.
தீக்காயப் பிரிவு ஏப்ரலில்தான் திறந்தது.
பட்டியலில் அதுதான் கடைசி வரி.

காலையில் அலுவலகம். கையெல்லாம் சோப்பு வாசனை.
கெஸ்துதிஸ் நாற்காலி தரவில்லை, நானும் கேட்கவில்லை.
“தொகை எந்த வரியோடு நிற்கிறது, பாருங்கள்.”
பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
சுட்டியால் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுத்தார்.

காணாமல் போன விரிப்பெல்லாம் வந்து சேர்ந்தது,
மடிப்புக் கலையாமல்.

பிடித்த பணம் என்று கேட்டேன்.
மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார். அதற்கு மொழி வேறு,
அதை நான் இன்னும் படிக்கவில்லை.

இடைவேளையில் கொதிகலன் பின்னால் உட்கார்ந்து
போனில் அவளுக்கு எழுதத் தொடங்கினேன்.
முதல் சொல் அவள் பெயர்.
போன் தானாகப் புள்ளி வைத்தது.
அழித்தேன்.
மறுபடி வைத்தது.
மறுபடி அழித்தேன்.
இந்த முறை பிழை இல்லை, விடு.

ரசுவோலே