காலுறை போட்ட பழம்

தேக்காவில் வாங்கித் தின்ற கிர்ணியின் விதை.
துப்பியதுதான், நட்டதில்லை.
சிக்லாப் வீட்டின் பின்சுவரோரம்
துணி காயும் மூங்கிலைப் பற்றிக்கொண்டு
கொடி ஏறியபோது
எனக்கு வேலை போய்ப் பதினோரு வாரம்.

ஐந்து காய் நின்றது.
முதலாவதை அணில் தின்றது.
தின்றது என்றா சொன்னேன்?
ஒரு கடி. விட்டுவிட்டு அடுத்ததில் ஒரு கடி.
பிரிவு விருந்தில் என் மேலாளர்
கேக்கைச் சுவைத்தது அப்படித்தான்.

மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தேன்;
மாலை மழை கழுவிக்கொண்டு போனது.
பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டேன்,
எங்கள் கல்யாண வீடியோவும் அதில் ஒன்று.
மைனாக்கள் வந்து முகம் பார்த்துப் போயின.

அடுத்த வீட்டுத் திருமதி குவெக்
வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத்
தன் தொடையைத் தட்டிக் காட்டினார்.
புரியக் கொஞ்ச நேரமானது:
ஸ்டாக்கிங்ஸ்.

என்னிடம் இல்லாததா?
பத்தொன்பது ஆண்டு வங்கி முகப்பில் நின்ற கால்கள்.
கத்தரித்து, காயை உள்ளே விட்டு,
மேலே ஒரு முடிச்சு.
இரண்டு கறுப்பு, ஒன்று தோல்நிறம்.
காய் பருக்கப் பருக்க நெகிழ்ந்து கொடுத்தது,
என் இடுப்புக்கு ஒருநாளும் கொடுக்காத நெகிழ்வு.

அணில் வந்தது, முகர்ந்தது,
பல்லில் நூல் சிக்கி
மாமரத்துக்குப் போய் வசவு வைத்தது.

இரவு மூன்று மணிக்கு மரநாய்.
தூக்கம் வராத நான்
சமையலறை இருட்டில் நின்றிருந்தேன்.
சுவரில் நடந்து வந்து, அவசரமே இல்லாமல்,
மூன்றையும் முகர்ந்து நடுவிலுள்ளதில்
ஒரு நகத்தை மாட்டியது.
கிழிசல் நூலோடு ஓடியது, மேலிருந்து கீழாக.
கூட்டங்களுக்கு முன் கழிவறையில்
நகப்பூச்சு தடவி நான் நிறுத்திய
அதே கிழிசல்.
டார்ச் கையில்தான் இருந்தது.
கைதட்டினால்கூட ஓடியிருக்கும்.
தினமும் தட்டித் தட்டி நான் அறியாத பக்குவத்தை
மூக்கால் அறிந்ததே என்று
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

மறுநாளைக்கு மறுநாள் இன்னொன்று
காம்பு கழன்று உறைக்குள் விழுந்து கிடந்தது.
பரிதிக்குப் பாதி, குவெக்குக்குக் கால்.
என் துண்டில் அவ்வளவாக இனிப்பில்லை.

கடைசிக் காய்க்கு இரட்டை உறை.
வியாழக்கிழமை நேர்காணல்.
கிழியாமல் இருந்தது ஒரே ஜோடி,
அதன் இடது கால்
இப்போது கொடியில் தொங்குகிறது.
பேண்ட் போட்டுக்கொண்டு போகலாம்.