தூக்குமேட்டு வயல்

ஜூன் பதினொன்று.
கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடி வீசுகிறேன்.
விழுந்த இடத்தில் குந்தி எண்ணுகிறேன்,
கோதுமைக் கதிர்களைத் தாண்டி நீளும்
ஊதா படிந்த மெலிந்த வால்களை.
நூற்று அறுபத்திரண்டு.
மறுபடி வீசினால் இருநூற்று ஏழு.
மூன்றாவது முறை வீசவில்லை.
சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

என் குறிப்பேட்டில் இதற்குக் கரும்புல் என்று பெயர்.
கடைசி எழுத்தை அடித்தால் கரும்பு.
புல்லை அடிக்கத்தான் மருந்தில்லை.
இருந்த மூன்றையும்
கஞ்சி மாதிரி குடித்துவிட்டு நிற்கிறது.

ஆறு வருடம் முன்பு
கலப்பையை விற்றுவிடுங்கள் என்று
கிளைவ் பார்ட்லமிடம் சொன்னது நான்.
அகல உழுவதைவிட ஆழ உழு என்னும் மொழிக்காரி
உழவே வேண்டாம் என்று சொல்லிச்
சம்பளம் வாங்குகிறேன்
லிங்கன்ஷயர்க் களிமண்ணில்.

விற்றார். அவர் மனைவி ஹிலரி
அந்தப் பணத்தில் சமையலறைக் கூரையை மாற்றினாள்.
தாளைக் கீறிச் செருகுவதுபோல்
விதை செருகும் எந்திரம் வந்தது, தவணையில்.
அறுப்புக்கும் விதைப்புக்கும் நடுவே
கடுகும் முள்ளங்கியும் மண்ணை மூடிக் கிடந்தன.
ஜனவரியில் யாரோ ஒருவருடைய ஆடுகள் வந்து
அதை மேய்ந்து, புழுக்கை போட்டுப் போயின.
வேலிக்கு அப்பால் மோர்டன் மட்டும்
'பயிரா, குப்பையா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், மண்வெட்டியால்.
ஒரு கட்டி மண் தோண்டினால்
முதல் வருடம் மூன்று மண்புழு.
இந்த மார்ச்சில் இருபத்தாறு.
நவம்பர் மழையில் மோர்டன் வயலில் வாத்து நீந்தியது.
இங்கே தண்ணீர் உள்ளே போய்விட்டது,
வீடு தெரிந்த விருந்தாளிபோல.

அவ்வளவும் உண்மை.
இருநூற்று ஏழும் உண்மை.

ஹிலரி கணக்கை மேசையில் விரித்தாள்.
உழாமல் விட்டதற்கு அரசு தரும் பணம்,
உழுதால் போகும்.
உழாவிட்டால் அடுத்த வருடம் அறுக்கக்
கோதுமை இருக்காது.
படிவத்தில் 'ஏன்' என்று எழுதக் கட்டமே இல்லை.
கிளைவ் பிஸ்கட்டை நனைத்தார்,
அது உடைந்து தேநீருக்குள் விழுந்தது,
கரண்டியால் அதைத் தேடிக்கொண்டே
"நீங்க சொல்லுங்க, வானதி" என்றார்.

தூக்குமேட்டை மட்டும், என்றேன்.
ஒரே தடவை. எட்டு அங்குலம்.
பிறகு வசந்தத்தில் பார்லி.
"எத்தனை வருஷம் பின்னால போறோம்?"
ஒரு வயல்.
"நான் கேட்டது வருஷம்."

செப்டம்பரில் மோர்டனிடம் கலப்பை இரவல் வாங்கினோம்.
மோர்டன் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
கொழுவுக்கு எண்ணெய்கூடப் போட்டு அனுப்பியிருந்தார்.

டிராக்டர் செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே போகிறது.
கிளைவின் கைகளுக்கு வேலையில்லை.
அதனால் பின்னால் திரும்பிப்
பார்த்துக்கொண்டே வந்தார்
ஆறு வருட மண் புரண்டு படுப்பதை.
கடல் இருபது மைல். கடல்காக்கைகளுக்கு
யார் சொன்னார்களோ, வந்துவிட்டன.
ஒன்றின் அலகில் ஒரு புழு,
இன்னும் பாதி மண்ணுக்குள்,
இரு பக்கமும் இழுபட்டு நீண்டது.

எண்ணவில்லை. எண்ணுவதுதான் என் வேலை,
இருந்தும் எண்ணவில்லை.

வயல் முனையில் இறங்கி வந்தார்.
இனி ஐந்து வருடம் இதைக் கிளறக்கூடாது, என்றேன்.
கிளறினால் புதைத்த விதை மேலே வரும்.
"ஐந்து வருஷம் கழிச்சு
யார் இருக்கப் போறாங்க இங்க?" என்றவர்
பூட்ஸில் அப்பிய மண்ணைக்
கலப்பை விளிம்பிலேயே வழித்துவிட்டு
மறுபடி ஏறிக்கொண்டார்.

பதினான்கு ஏக்கர்.
இன்னும் ஒன்பது பாக்கி.